அறைச் சாவி யாரிடம்?

அன்புள்ள தம்பிக்கு,

குழந்தைகளுக்கான கோடை விளையாட்டுப் பயிற்சி முகாமுக்குப் பாதுகாப்பு விதிகள் எழுதித் தரக் கேட்டிருந்தாய். கூடவே, "மாஸ்டர்களுக்குப் போலீஸ் சான்று வாங்கிவிட்டோம், எல்லாரும் தெரிந்தவர்கள்தான், பிறகு எதற்கு இத்தனை விதி?" என்றும் கேட்டிருந்தாய். அந்தக் கேள்விதான் என்னை உறுத்துகிறது. போலீஸ் சான்று, ஒருவர் இதுவரை பிடிபடவில்லை என்று சொல்லும் காகிதம், அவ்வளவே. தெரிந்தவர் என்பது அதைவிடப் பலவீனமான உறுதி. 2007-இல் மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகளைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், அதன் நம்பிக்கையைப் பெற்றவர்கள் என்று தெரியவந்தது. ஆகவே ஆளை எடைபோடுவதில் பொழுதைக் கழிக்காதே. யார் வந்தாலும் தவறுக்கு இடமில்லாதபடி முகாமை அமை.

அமெரிக்கச் சாரணர் இயக்கத்தின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அந்த இயக்கம், சிறுவர்களிடம் முறைகேடாக நடந்ததாகப் புகார் வந்தவர்களின் பெயர்களை 1920களிலிருந்தே தனிக் கோப்புகளில் ரகசியமாகச் சேர்த்துவந்தது. கெட்டவர்களைப் பட்டியல் போட்டு வெளியே நிறுத்திவிட்டால் போதும் என்று நம்பினார்கள். 2012-இல் ஆரிகன் மாநில உச்ச நீதிமன்ற உத்தரவின்படி, 1965 முதல் 1985 வரையிலான 1,200க்கும் மேற்பட்ட கோப்புகள் வெளிவந்தன. ஊரார் மதிக்கும் மனிதர், அவரோடு கூடாரத்தில் தனியே ஒரு சிறுவன், புகார் வந்ததும் போலீசுக்குப் போகாமல் ஓசைப்படாத விலகல் என்று ஒரே கதை அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. சிலர் வேறு ஊர்ச் சாரணர் படையில் மறுபடி சேர்ந்தும்விட்டார்கள். எந்தப் பயணத்துக்கும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் என்ற விதி 1980களில்தான் வந்தது. இயக்கம் 2020-இல் திவால் மனு போட்ட பிறகு இழப்பீடு கேட்டவர்கள் 82,000க்கும் மேல். ஆளைத் தேர்வதில் நம் முன்னோரும் கவனமாகத்தான் இருந்தார்கள். வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே வைத்தார்; கௌடில்யர் அர்த்தசாஸ்திரத்தில் அமைச்சனைச் சோதிக்க நான்கு வழி சொன்னார். ஆனால் அதே அர்த்தசாஸ்திரம், ஒரு துறைக்குப் பல தலைவர்கள் வேண்டும், அவர்களும் நிரந்தரமாக இருக்கக் கூடாது என்கிறது. சோதித்துத் தேர்ந்தவரையும் தனியே விடாதே என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். அரசுத் துறைக்குக் கொடுத்த காவலைக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாதா?

வலையும் பந்தும் போட்டுவைக்கும் அறையையே எடுத்துக்கொள். அதன் சாவி ஒரே மாஸ்டரிடம் இருந்தால், "பந்தை உள்ளே வைக்கலாம், வா" என்று அவர் ஒரு பையனைக் கூப்பிடும்போது யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அந்தக் கதவைக் கழற்றிவிட்டுக் கம்பிக் கதவு போடு. அழைத்துப்போக ஆள் வராமல் கடைசியாக நிற்கிற குழந்தை போகும்வரை இருவர் காத்திருக்கட்டும். பைக்கில் தனியே கொண்டுபோய் விடுவதும், தனியாக வாட்ஸ்அப்பில் பேசுவதும் கூடாது. "இப்படிச் சந்தேகப்பட்டால் நல்ல மாஸ்டர் வருவாரா?" என்பார்கள். எல்லாருக்கும் ஒரே விதி என்றால் யார்மேல் சந்தேகம்? குழந்தைகளோடு எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும்; இரண்டாவது ஆளுக்கு வழியில்லை என்றால் பெற்றோரை முறைவைத்து உட்காரச் சொல். அதுவும் முடியாத நாளில் பயிற்சி வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இந்த இருவர் விதிக்கு வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவனாக இருந்த லாரி நாசர், பெற்றோர் அதே அறையில் இருக்கும்போதே, அவர்கள் கண்ணில் படாதபடி நின்றுகொண்டு, சிகிச்சை என்ற பெயரில் சிறுமிகளைத் துன்புறுத்தியிருக்கிறான். 1990களிலேயே பயிற்சியாளரிடம் சொல்லியும் எடுபடவில்லை என்று பாதிக்கப்பட்டவர்கள் பிற்பாடு கூறினார்கள். 2016-இல் இண்டியானாபொலிஸ் ஸ்டார் நாளிதழ் எழுதிய பிறகே விஷயம் வெளியே வந்தது. 2018 ஜனவரியில் அவனுக்கு 40 முதல் 175 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதித்தார்கள். பெரியவர் கூட இருந்தும் நடந்ததே என்றால், விதி வீண் என்று ஆகிவிடாது. குழந்தை சொல்வதைக் கேட்க ஆளில்லாத இடத்தில் அந்த விதி மட்டும் தாங்காது.

அதனால், ஒரு குழந்தை வாய் திறந்தால் நீங்கள் கூடி உட்கார்ந்து பஞ்சாயத்துப் பேசாதீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, குற்றம் தெரியவந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. தன் கீழுள்ளவரின் குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் சொல்லாமல் விட்டால் ஓராண்டு வரை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை, வலையும் பந்தும் வைக்கும் அந்த அறையின் சுவரில், குழந்தைகளின் கண்ணுயரத்தில், முகாம் தொடங்கும் முன்பே எழுதி வை.

அன்புடன்,
உன் ஆசிரியர்