கைத்தொலைபேசி வாங்கப் போகிறீர்களா? பற்றறி அளவை மட்டும் பார்க்காதீர்கள்



புதிதாக வந்த உங்களுக்கு ஊரோடு கதைப்பதும், வழி பார்ப்பதும், ஜெர்மன் சொல்லுக்கு அர்த்தம் தேடுவதும் கைத்தொலைபேசியில்தான். ஹைமில் பிளக்குக்கும் போட்டி. ஆகவே பற்றறி நாள் முழுக்க நிற்க வேணும்.

"5000 எம்.ஏ.எச். இருக்கு, காணும்தானே?" என்று கேட்பீர்கள். காணாது. அது சேமிப்பின் அளவு மட்டுமே. திரையும் புரொசெசரும் எப்படிச் செலவழிக்கின்றன என்பதே முக்கியம்.

புரொசெசருக்குள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் உள்ளன. அவை சிறிதாகும்போது அதே வேலைக்குக் குறைந்த மின்சாரம் போதும். இரண்டு பேருக்குத் தேத்தண்ணி வைக்க கலியாண வீட்டுக் கிடாரத்தை அடுப்பில் ஏற்றுவோமா? 2011இல் ஆர்ம் நிறுவனம் அறிவித்த முறையும் இதுதான்: சின்ன வேலைக்குச் சிறிய கரு, பாரமான வேலைக்குப் பெரிய கரு.

கடையில் இதை எப்படி அறிவது? 2025 யூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சந்தைக்கு வரும் புதிய ஸ்மார்ட்போன்களுக்கு 'எனெர்கீலேபல்' கட்டாயம். ஏ நல்லது, ஜி மோசம். ஒருமுறை முழுதாகச் சார்ஜ் செய்தால் எத்தனை மணித்தியாலம் நிற்கும் என்றும் அதில் இருக்கும். இரண்டு போன்களின் அந்த எண்ணை ஒப்பிடுங்கள்.

பழைய போனில் லேபல் இராது. மாடல் வந்த ஆண்டைக் கேளுங்கள், பற்றறியும் தேய்ந்திருக்கலாம்.

எந்தப் போன் வைத்திருந்தாலும், விசாரணை நாளில் அழைப்புக் கடிதத்தையும் முகவரியையும் கடதாசியில் கையோடு கொண்டுபோங்கள்.