செவிலியை வெட்டாதே

அன்புத் தம்பிக்கு,

மயிலாடும்பாறைத் திருவிழா மேடைக்காக நீ எழுதியிருக்கும் ‘ரோமியோ ஜூலியட்’ பிரதியைப் படித்தேன். வெரோனா நகரம் வருசநாட்டுப் பக்கத்து ஊராக மாறியது பொருத்தம். காதல் காட்சிகளும் நன்றாக வந்திருக்கின்றன. ஆனால் ஜூலியட்டை வளர்த்த செவிலியை வெட்டிவிட்டு, அவள் வசனங்களைப் பபூனுக்குக் கொடுத்திருக்கிறாய். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இந்த நாடகத்தின் மாடக் காட்சி நமக்குப் பழையது. 1937இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘அம்பிகாபதி’யில் கதாநாயகன் பாகவதருக்காக வசனகர்த்தா இளங்கோவன் அதைத் தமிழாக்கிக் கொடுத்துவிட்டார். அன்று முதல் நிலவையும் மாடத்தையும் நாம் விடவில்லை. ஆனால் நாடகத்தின் உயிர் மாடத்தில் இல்லை, அந்தச் செவிலியிடம் இருக்கிறது.

நம் அகமரபில் களவுக் காதல் வெளிப்பட ஒரு வழி உண்டு. தோழி அறத்தொடு நிற்பாள். தலைவியின் காதலை அவள் செவிலிக்குச் சொல்ல, செவிலி நற்றாய்க்குச் சொல்ல, நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் சொல்வாள். விடிய விடிய நாம் பார்க்கும் வள்ளி திருமணத்தின் மூலக்கதையிலும் வள்ளியின் தந்தை நம்பிராசனும் அவன் பிள்ளைகளும் சண்டையில் மாண்டு விழுகிறார்கள். நாரதர் எடுத்துச் சொன்ன பிறகு வள்ளியே அவர்களை எழுப்புகிறாள், கல்யாணம் நடக்கிறது. யாரோ ஒருவர் வாய் திறப்பதால்தான் நம் கதைகள் பிழைக்கின்றன.

1597இல் முதன்முதலாக அச்சேறிய ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் அது நடப்பதில்லை. ஞாயிறன்று தொடங்கும் கதை வியாழன் விடியலுக்குள் முடிந்துவிடுகிறது. காதலும் திருமணமும் முழுதாகத் தெரிந்த பெரியவர்கள் இருவர்: செவிலியும் பாதிரியாரும். பகை தீரும் என்று நம்பித் திங்களன்று ரகசியமாக மணமுடித்து வைக்கும் பாதிரியார் அதை ஊருக்குச் சொல்வதில்லை. பிணங்கள் கிடக்கும்போதுதான் சொல்கிறார்.

மூன்றாம் அங்கத்தின் ஐந்தாம் காட்சியை மறுபடி படி. தகப்பன் தானாக மாப்பிள்ளை பேசி நாள் குறித்துவிட்டான். மகள் மறுக்கிறாள். சம்மதிக்காவிட்டால் தெருவில் கிடந்து சாவு என்று கத்திவிட்டுப் போகிறான். தாயும் கைவிட்டுப் போகிறாள். பால் கொடுத்து வளர்த்த செவிலியிடம் ஜூலியட் ஆறுதல் கேட்கிறாள். அவளோ, புது மாப்பிள்ளை மேல், அவனையே கட்டிக்கொள் என்கிறாள். அவள் கெட்டவள் இல்லை. பிள்ளை மேல் உயிரையே வைத்திருப்பவள்தான். ஆனால் அவள் பிழைப்பு அந்த வீட்டில் இருக்கிறது. ஜூலியட் தனியாளாவது அந்த நொடியில்தான். ஆர்மோனியக்காரரிடம் சொல்லிவை, அங்கே ஒரு சுரமும் வேண்டாம். செவிலி துணி மடித்துக்கொண்டே பேசட்டும். ஜூலியட் அழக்கூடாது, செவிலியின் முகத்தையே பார்க்கட்டும். அந்த வசனத்தைப் பபூன் சொன்னால் கூட்டம் சிரித்துவிட்டுக் கடந்து போகும்.

கடைசிக் காட்சியை விதியின் தலையில் கட்டாதே. கொள்ளைநோய் அச்சத்தில் கடிதம் கொண்டுபோனவரை ஒரு வீட்டில் அடைத்துவிட்டார்கள், அதனால் சேதி போய்ச் சேரவில்லை என்பது உண்மைதான். ஆனால் திங்களன்றே ஊரறியச் சொல்லியிருந்தால் அந்தக் கடிதத்துக்கே அவசியம் இருந்திருக்காது. விதி என்று ஒப்பாரி வைத்தால் ஊர் அழுது தீர்த்துவிட்டு எழுந்து போய்விடும்.

பகைக்குக் காரணம் எழுதாதே. ஷேக்ஸ்பியரும் எழுதவில்லை. முதல் மரியாதையா, தண்ணீர் முறையா, சாதியா என்பதைப் பார்ப்பவர்களே நிரப்பிக்கொள்வார்கள். எந்த வீட்டுக்கும் ஒரு சாதியின் சாயல் வராமல் உடையையும் பேச்சையும் அமை. வந்துவிட்டால் பாதிக் கூட்டம் இது அவர்கள் கதை என்று ஒதுங்கிவிடும். மூலத்தில் ஜூலியட்டுக்குப் பதினான்கு வயதுகூட நிரம்பவில்லை. நீ அவளைப் பதினெட்டு தாண்டியவளாக்கு. இல்லாவிட்டால் வயதைக் காட்டியே தகப்பன் தப்பித்துக்கொள்வான். இன்னொன்று, ஸ்பெஷல் நாடகக்காரர்கள் ஆளுக்கோர் ஊரிலிருந்து வந்து ஒத்திகையில்லாமல் ஜமாய்ப்பது வள்ளி திருமணம் அவர்களுக்கு மனப்பாடம் என்பதால்தான். இதற்கு ஒத்திகை கட்டாயம் வேண்டும்.

2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, சாதி மாறி மணந்த இளம் தம்பதியைப் பட்டப்பகலில் வெட்டினார்கள். கணவன் இறந்தான். வெளிநாட்டுப் பழங்கதை என்று சொல்லி இந்த நாடகத்தை நாம் தள்ளிவைக்க முடியாது.

உன் மேடைக்கு எதிரே உட்காரப்போகிறவர்களில் ரோமியோக்களும் ஜூலியட்டுகளும் கொஞ்சம்தான். விஷயம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருக்கும் அத்தைகளும் சித்தப்பாக்களும் வாத்தியார்களும்தான் அதிகம். நாடகத்தை அவர்களுக்காகப் போடு. மறுநாள் ஒரு வீட்டில் ஒரே ஒரு அத்தை, “அந்தப் பிள்ளை விரும்புது, கை வைக்காதீங்க, நான் நிக்கிறேன்” என்று முன்னால் வந்து நின்றால், அதைவிடப் பெரிய கைதட்டல் உனக்குக் கிடைக்கப்போவதில்லை. செவிலியைத் திரும்பக் கூட்டி வா.

அன்புடன்,
உன் அண்ணன்