வயதான கினிப் பன்றி தீனியைத் தொடவில்லையா?

ஐந்து வயதைத் தாண்டிய கினிப் பன்றி, கொத்தமல்லிக் கட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டும் கூவாமல் மூலையிலேயே உட்கார்ந்திருந்தால் அன்றைய மற்ற வேலைகளைத் தள்ளிவையுங்கள். நாயோ பூனையோ ஒரு வேளை சாப்பிடாவிட்டால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். கினிப் பன்றியிடம் அந்தக் கணக்கு செல்லாது. அதன் குடல் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியது. நார் உள்ளே போனால்தான் குடல் அசையும், செரிமானத்துக்கு உதவும் நுண்ணுயிர்களும் பிழைக்கும். அரை நாள் எதுவும் உள்ளே போகாவிட்டாலே குடல் மந்தமாகிவிடும், வாயு சேரும், வலி வரும், வலியால் இன்னும் சாப்பிடாது. ஒரு நாள் முழுக்கப் போனால் உயிருக்கே ஆபத்து. இந்த வழிகாட்டியில் மற்றதெல்லாம் மறந்தாலும் இது ஒன்று நினைவிருக்கட்டும்: சாப்பிடாத கினிப் பன்றிக்கு நேரத்தை மணிக்கணக்கில்தான் பார்க்க வேண்டும், நாள்கணக்கில் அல்ல.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் இவை ஐந்திலிருந்து எட்டு ஆண்டுகள் வரை வாழும். பிற விலங்குகளுக்கு இரையாகும் பிராணி என்பதால் நோயை மறைப்பது இவற்றின் இயல்பு. நமக்குத் தெரிகிற அளவுக்கு வரும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். அதனால் கண்ணை மட்டும் நம்பாமல் தராசை நம்புங்கள்.

முதல் வேலை: எடை

சமையலறையில் மாவு நிறுக்கிற டிஜிட்டல் தராசு போதும். மேலே ஓர் அகலமான கிண்ணத்தை வைத்து, எடையைப் பூஜ்யமாக்கிவிட்டு, அதில் பிராணியை உட்கார வையுங்கள். நல்ல நிலையில் இருக்கும்போது வாரம் ஒருமுறை, உடம்பு சரியில்லாதபோது தினமும் காலை ஒரே நேரத்தில். நோட்டில் எழுதி வையுங்கள். வளர்ந்த கினிப் பன்றி பொதுவாக 700 முதல் 1,200 கிராம் வரை இருக்கும். 900 கிராம் இருந்தது ஒரு வாரத்தில் 50 கிராம் இறங்கினால் கவனம் தேவை. பத்தில் ஒரு பங்கு, அதாவது 90 கிராம் குறைந்தால் உடனே மருத்துவர். வயதானால் மெலியத்தானே செய்யும் என்று விட்டுவிடாதீர்கள். மெலிவுக்குப் பின்னால் பல்லோ, சிறுநீரகமோ, கருப்பைக் கட்டியோ ஏதாவது காரணம் இருக்கும்.

அடுத்து: உற்றுப் பார்ப்பது

தூரத்திலிருந்து தொடங்குங்கள். முதுகைக் கூனி, ரோமம் சிலிர்த்து, கண் பாதி மூடி உட்கார்ந்திருந்தால் அதற்கு வலிக்கிறது. மூச்சு விடும்போது விலா ஓரம் உள்ளிழுத்தாலோ, காதருகில் வைத்துக் கேட்கும்போது 'டிக் டிக்' என்று சத்தம் வந்தாலோ நுரையீரல் தொற்றாக இருக்கலாம். மூக்கிலும் கண் ஓரத்திலும் பொருக்கு இருக்கிறதா பாருங்கள். முகம் கழுவுவதற்காகக் கண்ணில் பால்போல ஒரு துளி நீர் சுரப்பது இவற்றுக்கு இயல்பு, அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

பிறகு தீனியைக் காட்டுங்கள். இங்கேதான் நிறையத் தெரியவரும். ஆசையாக ஓடிவந்து கொத்தமல்லித் தண்டைக் கவ்வும், இரண்டு முறை மெல்லும், தலையை ஒரு பக்கமாகச் சாய்க்கும், பிறகு தண்டு அப்படியே கீழே விழும். மறுபடி கவ்வும், மறுபடி விழும். தாடைக்கு அடியில் ரோமம் ஈரமாக ஒட்டியிருக்கும். பசியில்லாத பிராணி இப்படிச் செய்யாது. இது பல் பிரச்சினை. கினிப் பன்றியின் பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை. முன் பல் அழகாகத் தெரியும்போதே, உள்ளே கடைவாய்ப் பற்கள் சாய்ந்து வளர்ந்து நாக்கின் மேல் பாலம்போல மூடியிருக்கலாம். மயக்கமருந்து கொடுத்து மருத்துவர் தேய்த்துவிட்டால்தான் சரியாகும். அந்தச் சிகிச்சைக்கு முன் நாய்க்குச் சொல்வதுபோல இரவெல்லாம் பட்டினி போடச் சொன்னால் மறுபடி கேளுங்கள். கினிப் பன்றியால் வாந்தி எடுக்க முடியாது. நீண்ட பட்டினிதான் அதற்குக் கெடுதல்.

கடைசியாக அடிப்பக்கம். புழுக்கை சிறுத்திருக்கிறதா, ரோமத்தில் கோத்துக்கொண்டு வருகிறதா? சிறுநீரில் ரத்தமோ, மணல்போன்ற துகளோ, சிறுநீர் கழிக்கும்போது கீச்சென்ற கத்தலோ இருந்தால் கல்லாக இருக்கலாம். பெண் கினிப் பன்றிக்கு இடுப்பின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ரோமம் உதிர்ந்தால் சினைப்பைக் கட்டியைச் சந்தேகியுங்கள். வயதான ஆணுக்கு ஆசனவாய்ப் பையில் மலம் திரண்டு அடைத்துக்கொள்ளும். வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயும் தொட்டு மெதுவாகத் தினமும் எடுத்துவிட வேண்டியிருக்கும்.

மெடிக்கல் ஷாப் மருந்து வேண்டாம்

சளி மாதிரி தெரிகிறதே என்று குழந்தைக்கு மிச்சமிருந்த ஆமாக்ஸிசிலின் சிரப்பைக் கொடுத்துவிடாதீர்கள். ஆமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், பெனிசிலின், எரித்ரோமைசின், கிளின்டாமைசின் இவையெல்லாம் வாய்வழியாகப் போனால் கினிப் பன்றியின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். அந்த இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் பெருகி நஞ்சைக் கக்கும், சில நாட்களில் உயிர் போய்விடும். நமக்குச் சாதாரணமான மருந்து அதற்கு எமன். என்ரோஃப்ளாக்ஸசின், ட்ரைமெத்தோப்ரிம்-சல்ஃபா போன்றவற்றைத்தான் மருத்துவர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பார்கள். அளவை எடைக்கு ஏற்ப அவர்தான் சொல்ல வேண்டும். நாய் மருத்துவர் பழக்கத்தில் ஆமாக்ஸிசிலின் எழுதினால், கினிப் பன்றிக்கு இது ஆகுமா என்று தயங்காமல் கேளுங்கள்.

மருத்துவரிடம் போவது

போகும் முன் போன் செய்து, "கினிப் பன்றி, முயல் பார்க்கிற டாக்டர் இன்றைக்கு இருக்கிறாரா?" என்று கேளுங்கள். மும்பையில் நாய், பூனை மருத்துவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு; எக்ஸாடிக் என்று சொல்லப்படும் சிறு பிராணிகளைப் பார்ப்பவர்கள் சிலரே. பரேலில் 1886-ல் தொடங்கிய பம்பாய் கால்நடை மருத்துவக் கல்லூரியும், பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனையும் இருக்கின்றன. மாட்டுங்காவிலிருந்து சென்ட்ரல் லைனில் தாதர், அடுத்து பரேல். செம்பூர்க்காரர்கள் ஹார்பர் லைனில் வந்து குர்லாவில் மாற வேண்டும். கூட்ட நேரத்து லோக்கலில் வயதான பிராணியைக் கொண்டுபோகாதீர்கள், நெரிசலும் இரைச்சலுமே அதை முடித்துவிடும். ஆட்டோ சயானோடு நின்றுவிடும் என்பதால் செம்பூரிலிருந்தே டாக்ஸி பிடிப்பது நல்லது.

நாலு பக்கமும் காற்றோட்டமுள்ள உறுதியான கூடையில் டவல் விரித்து, வைக்கோல் போட்டு, ஒரு துண்டு வெள்ளரிக்காய் வையுங்கள். கூட வாழும் ஜோடியையும் கொண்டுபோனால் தைரியமாக இருக்கும். எடை நோட்டு, காலையில் போட்ட புழுக்கை ஒரு கவரில், மூச்சுவிடும் வீடியோ ஒன்று போனில். மருத்துவர் மேஜையில் வைத்ததும் பிராணி நோயை மறைக்கத் தொடங்கிவிடும். அந்த வீடியோதான் அப்போது பேசும்.

பரேலுக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தி. 1905-ல் தொடங்கிய பிளேக் ஆய்வில், நோய் கண்ட பம்பாய் வீடுகளுக்குள் கினிப் பன்றிகளை ஓடவிட்டு, அவற்றின் மேல் ஏறிய எலித் தெள்ளுகளைப் பிடித்து எண்ணினார்கள். தெள்ளு மூலம்தான் பிளேக் பரவுகிறது என்பதற்கு அந்தப் பிராணிகள் உயிரைக் கொடுத்துச் சாட்சி சொல்லின. அந்த ஆய்வுக்கூடமும் பரேலில்தான் இருந்தது, இன்றைய ஹாஃப்கின் நிறுவனம். இந்த ஊர் அவற்றுக்குக் கடன்பட்டிருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

கையால் ஊட்டுவது

வயிறு மத்தளம்போல இறுகி, மூச்சுக்குத் திணறினால் ஊட்டவே கூடாது, நேரே மருத்துவமனை. மற்ற நேரங்களில், மருத்துவர் சரி என்றதும், தொடங்குங்கள்.

ஆக்ஸ்போவ் நிறுவனத்தின் 'கிரிட்டிகல் கேர்' பொடி கிடைத்தால் அதுவே மேல். இல்லாவிட்டால் திமோத்தி புல்லில் செய்த பெல்லட்டை வெந்நீரில் ஊறவைத்து மிக்ஸியில் மைய அரையுங்கள். இட்லி மாவைவிடச் சற்றுத் தளர இருக்க வேண்டும். தயிர் சாதம், பால், பிஸ்கட், செரிலாக் எதுவும் ஆகாது. பாசம் புரிகிறது, ஆனால் அதன் குடலுக்கு அவை விஷம்.

மெடிக்கல் ஷாப்பில் ஊசியில்லாத ஒரு மில்லி சிரிஞ்சுகள் வாங்கி, நுனியைச் சற்று வெட்டி, விளிம்பை மழுங்கத் தேய்த்துவிட்டால் நார் அடைக்காது. தரையில் உட்கார்ந்து, பிராணியை டவலில் சுற்றி, அதன் முதுகு உங்கள் வயிற்றைத் தொடும்படி மடியில் வையுங்கள். மல்லாத்தவே கூடாது, உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். முன் பல்லுக்குப் பின்னால் பக்கவாட்டில் ஓர் இடைவெளி உண்டு. சிரிஞ்சை அங்கே நுழைத்து கால் மில்லி மட்டும் தள்ளுங்கள். தாடை அசையும், காது சற்று ஆடும், விழுங்கும். அதற்குப் பிறகே அடுத்தது. அவசரப்பட்டால் காரியம் கெடும். சுத்தமாகச் சாப்பிடாத ஒரு கிலோ பிராணிக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 முதல் 80 மில்லி தேவைப்படும். மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையாகப் பிரியுங்கள், இரவிலும் ஒருமுறை எழ வேண்டியிருக்கும். வீட்டில் இருவர் முறைபோட்டுக்கொண்டால் தாங்கலாம்.

வைட்டமின் சி-யைத் தவறவிடாதீர்கள். மனிதனைப்போலவே கினிப் பன்றியாலும் இதை உடம்பிலேயே தயாரிக்க முடியாது. 1907-ல் நார்வேயில் ஆக்சல் ஹோல்ஸ்டும் தியோடர் ஃப்ரோலிக்கும் தானியம் மட்டுமே கொடுத்த கினிப் பன்றிகளுக்கு ஸ்கர்வி வந்ததைக் கண்டார்கள். கிராஃபோர்ட் மார்க்கெட் கடைகளில் கம்பும் சோளமும் கலந்த பாக்கெட்டைக் கையில் கொடுத்து அனுப்பும்போது இது நினைவுக்கு வரட்டும். நடக்க மறுப்பது, மூட்டு வீங்குவது, ரோமம் சொரசொரப்பாவது எல்லாம் கிழத்தனம் என்று நாம் ஒதுக்குவதில் பாதி ஸ்கர்வியாக இருக்கலாம். நோயுற்ற காலத்தில் கிலோவுக்கு 30 முதல் 50 மில்லிகிராம் வேண்டும். கால்வாசிக் குடைமிளகாயில் ஏறக்குறைய 25 கிடைக்கும். மீதிக்குக் குழந்தைகளுக்கான சொட்டு மருந்தை மருத்துவர் சொன்ன அளவில் நேரே வாயில் விடுங்கள். தண்ணீர் பாட்டிலில் கலந்தால் வீணாகிவிடும்.

மாட்டுங்கா மார்க்கெட்டில் கொத்தமல்லியும் குடைமிளகாயும் தினமும் புதிதாகக் கிடைக்கும். கோயில் வாசல் பூக்கடைகளில் பிள்ளையாருக்கு விற்கும் அருகம்புல்லை இவை விரும்பித் தின்னும். நன்றாகக் கழுவி, ஈரம் போக உலர்த்திக் கொடுங்கள். தெருவோரப் புல்லை அறுக்காதீர்கள். பாலக்கும் முருங்கைக்கீரையும் சுண்ணாம்புச்சத்து மிகுந்தவை, கல் வந்த பிராணிக்கு வேண்டாம்.

இடமும் வெயிலும் மழையும்

முப்பது டிகிரிக்கு மேல் போனால் வெப்பம் தாக்கும். மே மாதத்திலும் அக்டோபரிலும் தாராவியின் தகரக் கூரை வீட்டில் மதிய நேரம் எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கூண்டைக் கீழ்த்தளத்தில், சுவர் ஓரம், எலி வராத உயரத்தில் வையுங்கள். கும்பார்வாடாவில் ஒரு மண் சட்டி வாங்கி நீரில் ஊறவைத்துக் கூண்டில் கவிழ்த்தால் அதன் மேல் சாய்ந்து படுத்துக்கொள்ளும். உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றியும் வைக்கலாம். எச்சில் ஒழுக, பக்கவாட்டில் சரிந்து, இளைத்தால் காதையும் பாதத்தையும் சாதாரணத் தண்ணீரில் நனையுங்கள். ஐஸ் தண்ணீர் ஊற்றாதீர்கள். உடனே மருத்துவரிடம் கிளம்புங்கள்.

ஜூனிலிருந்து செப்டம்பர் வரை வைக்கோல்தான் கவலை. பூஞ்சை வாசம் வந்தால் அந்தக் கட்டையே தூக்கியெறியுங்கள். துணிப்பையில், தரையில் படாமல், கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி வையுங்கள். பாதம் சிவந்து புண்ணாகாமலிருக்கக் கம்பித் தரை வேண்டாம். பழைய பருத்திப் புடவையை நாலாக மடித்து விரித்துத் தினமும் மாற்றுங்கள். சாம்பிராணி, ஊதுவத்தி, கொசுவத்தி அந்த அறையில் கூடாது. கணபதி ஊர்வல நாட்களில் தெருப்பக்க அறையிலிருந்து உள்ளே மாற்றிவிடுங்கள்.

முடிவெடுக்க வேண்டிய நாள்

ஊட்டினாலும் எடை இறங்குகிறது, வலி மருந்துக்குப் பிறகும் கூனியே உட்கார்ந்திருக்கிறது, ஜோடி வந்து மூக்கால் உரசினாலும் திரும்புவதில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் மருத்துவரிடம் கருணைக்கொலை பற்றி நேரடியாகக் கேளுங்கள். முதலில் மயக்கமருந்து கொடுக்கச் சொல்லுங்கள், நீங்களும் பக்கத்தில் இருங்கள். புதைக்க மண் இல்லாத ஊர் இது. மலாடில் மாநகராட்சியின் விலங்கு தகன மையம் இருக்கிறது, முன்கூட்டியே பேசிவிட்டுப் போங்கள்.

வீட்டில் மிஞ்சிய ஜோடி பெரும்பாலும் அதே வயதுதான் இருக்கும். இறந்த உடலை அது சிறிது நேரம் முகர்ந்து பார்க்கட்டும். அன்றிலிருந்து இரண்டு வாரம் அதையும் தினமும் காலையில் தராசில் நிறுத்து அதே நோட்டில் எழுதுங்கள். துணை போன துயரத்தில் அதுவும் சாப்பிடுவதை நிறுத்தக்கூடும்.