பேனா மையும் நச்சுப் புகையும்

"எரிகிறதை இழுத்தால் கொதிக்கிறது அடங்கும்" என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் பழமொழி. பொங்கும் உலையைத் தணிக்கப் பானையோடு போராட வேண்டியதில்லை. அடுப்பிலுள்ள கொள்ளியை வெளியே இழுத்துவிட்டால் போதும். போர்க்கருவிகளைக் கட்டுப்படுத்த நினைத்த நாடுகளும் இவ்வழியையே நாடின. கருவியைச் செய்து முடித்தபின் அதைப் பிடுங்குவது கடினம். அதற்கு வேண்டிய மூலப்பொருள் போய்ச் சேராமல் தடுத்துவிட்டால் கருவியே உருவாகாது. இந்த நோக்கத்தோடு விதிக்கப்படுவதுதான் மூலப்பொருள் வணிகத் தடை. சொல்வதற்கு எளிதான இக்காரியம் செய்வதற்கு எவ்வளவு அரியது என்பதை ஒரே ஒரு வேதிப்பொருளின் வரலாற்றைக் கொண்டு இங்கே காண்போம்.

ஒரு பொருள், இரு முகம்

அப்பொருளின் பெயர் தயோடைகிளைக்கால். பேனா மை தயாரிப்பதிலும், துணிகளில் சாயம் அச்சிடும் தொழிலிலும் இது கரைப்பானாகப் பயன்படுகிறது. இத்தனை சாதுவான பொருளே கடுகு வாயு என்னும் கொடிய நஞ்சுக்கும் மூலப்பொருள் ஆகிறது.

கடுகு வாயு என்பது பெயரளவில்தான் வாயு. உண்மையில் அது ஒரு திரவம். நுண்ணிய துளிகளாகத் தெளிக்கப்படுகிறது. அதன் நெடியினால் இப்பெயர் வந்தது. அது பட்ட உடனே வலி தெரியாது. சில மணி நேரம் கழித்தே தோல் கொப்பளித்து, கண் பார்வை மங்கி, நுரையீரல் புண்ணாகும். இதற்கு மாற்று மருந்து இன்றளவும் இல்லை. முதல் உலகப் போரில், 1917 ஜூலையில், பெல்ஜியத்தின் ஈப்ரு நகருக்கு அருகே ஜெர்மன் படையினர் இதை முதன்முதலில் பயன்படுத்தினர்.

அந்தக் கொடுமையைக் கண்ட நாடுகள் 1925-இல் ஜெனீவாவில் கூடி, போரில் நச்சு வாயுக்களைப் பயன்படுத்தலாகாது என ஒப்பந்தம் செய்துகொண்டன. ஆனால் நச்சைப் பயன்படுத்தக்கூடாது என்றதே தவிர, அதைத் தயாரிக்கக்கூடாது என்றோ, சேமிக்கக்கூடாது என்றோ, அதற்கான மூலப்பொருளை விற்கக்கூடாது என்றோ அந்த ஒப்பந்தம் சொல்லவில்லை. வீட்டுக்குப் பூட்டு வாங்கியாயிற்று. கொல்லைக் கதவை மட்டும் மறந்துவிட்டார்கள்.

தடையில் இருந்த ஓட்டைகள்

1980 செப்டம்பரில் ஈராக்குக்கும் ஈரானுக்கும் போர் மூண்டது. ஈராக் கடுகு வாயுவைப் பயன்படுத்துவதாக ஈரான் முறையிட்டது. ஐக்கிய நாடுகள் சபை அனுப்பிய வல்லுநர்கள் 1984 மார்ச்சில் நேரில் ஆராய்ந்து, இரசாயன ஆயுதங்கள் பயன்படுத்தப்பட்டதை உறுதி செய்தார்கள். அதன்பின் பல நாடுகள் சில வேதிப்பொருள்களின் ஏற்றுமதிக்குத் தடையோ கட்டுப்பாடோ விதித்தன. ஆயினும் ஈராக்கின் ஆலைகள் ஓயவில்லை. காரணம் என்ன?

முதலாவது ஓட்டை, பட்டியல் வேறுபாடு. ஒரு நாடு தடுத்த பொருளை மற்றொரு நாடு தடுக்கவில்லை. இங்கே கிடைக்காததை அங்கே வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது ஓட்டை, இடைவழி. சரக்கு நேரே ஈராக்குக்குப் போகவில்லை. யோர்தான் நாட்டின் அக்காபா போன்ற துறைமுகங்களில் இறங்கி, அங்கிருந்து தரை வழியே சென்றது. அனுப்பிய நாட்டின் தாள்களில் ஈராக்கின் பெயரே இராது.

மூன்றாவது ஓட்டை, போலிப் பெயர். சமாரா நகருக்கு அருகே இருந்த நச்சு ஆலை, வெளியுலகுக்குப் பூச்சிமருந்துத் தொழிற்சாலை என்றே அறிமுகப்படுத்தப்பட்டது. பயிரைக் காக்கும் மருந்து என்றால் யார் குறை சொல்வார்கள்?

இம்மூன்றையும் ஒருங்கே பயன்படுத்தியவர் நெதர்லாந்து நாட்டு வணிகரான பிரான்ஸ் வான் அன்ராட். 1980-களில் இவர் ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட தயோடைகிளைக்காலை ஈராக்குக்குச் சேர்ப்பித்தார். அந்த ஆண்டுகளின் முடிவு பெருந்துயரமாயிற்று. 1988 மார்ச் 16 அன்று, குர்து இன மக்கள் வாழ்ந்த ஹலப்ஜா நகரின்மீது ஈராக் விமானங்கள் கடுகு வாயுவையும் நரம்பு நச்சுகளையும் பொழிந்தன. மாண்டவர்கள் 3,200 முதல் 5,000 பேர் வரை என மதிப்பிடப்படுகிறது. அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ஆவர்.

பல்லாண்டுகள் கழித்து அவ்வணிகர் ஹேக் நகர நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். துணித் தொழிலுக்கென எண்ணியே விற்றதாக அவர் வாதாடினார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. போர்க்குற்றத்துக்கு உடந்தையாயிருந்தார் என 2005-இல் 15 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் 2007-இல் அது 17 ஆண்டுகளாக உயர்ந்தது; உச்ச நீதிமன்றம் 2009-இல் ஆறு மாதங்களை மட்டும் குறைத்தது. நீதி கிடைத்தது உண்மையே. ஆனால் எந்தத் தண்டனையும் ஹலப்ஜாவின் தாய்மாருக்கு அவர்களுடைய பிள்ளைகளைத் திருப்பித் தராது. ஆகவே குற்றம் நடந்தபின் தண்டிப்பதைவிட, நடக்குமுன் ஓட்டையை அடைப்பதே சிறந்தது.

ஓட்டைகள் அடைக்கப்பட்ட விதம்

பட்டியல் வேறுபாட்டை நீக்க 1985 ஜூனில் ஆஸ்திரேலியாவின் அழைப்பின்பேரில் 15 நாடுகள் பிரஸ்ஸல்ஸ் நகரில் கூடின. இதுவே ஆஸ்திரேலியக் குழு எனப்படுகிறது. உறுப்பு நாடுகள் எல்லாம் ஒரே பட்டியலைக் கடைப்பிடிக்கின்றன. ஒரு நாடு மறுத்த சரக்கை, அந்நாட்டைக் கலந்துகொள்ளாமல் மற்றொரு நாடு விற்பதில்லை என்பது இவர்களுடைய நெறி. பட்டியலில் இல்லாத பொருளானாலும், ஆயுதத்துக்குப் போகும் என்ற ஐயம் எழுந்தால் அனுமதி பெற வேண்டும் என்ற விதியும் சேர்க்கப்பட்டது. இக்குழுவில் 2018 ஜனவரியில் நம் இந்தியாவும் சேர்ந்தது.

1925-இல் திறந்து கிடந்த கொல்லைக் கதவை அடைத்தது, 1997 ஏப்ரல் 29 முதல் நடைமுறைக்கு வந்த இரசாயன ஆயுத ஒழிப்பு உடன்படிக்கை. தயாரிப்பதும் சேமிப்பதும்கூடக் குற்றம் என்றது அது. தயோடைகிளைக்கால் இதன் இரண்டாம் அட்டவணையில் உள்ளது. அதைப் பெருமளவில் கையாளும் ஆலைகள் கணக்குக் காட்ட வேண்டும். பன்னாட்டு ஆய்வாளர்கள் வந்து பார்ப்பார்கள். உடன்படிக்கையில் சேராத நாடுகளுக்கு அவ்வட்டவணைப் பொருள்களை விற்பது 2000-ஆம் ஆண்டு முதல் தடுக்கப்பட்டுள்ளது. இந்தியா தன்னிடமிருந்த இரசாயன ஆயுதங்களை அறிவித்து, 2009-இல் முற்றிலும் அழித்து முடித்தது.

இடைவழியையும் இடைத்தரகரையும் கண்காணிக்க வேண்டும் என்று ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 2004-இல் தனது 1540-ஆம் தீர்மானத்தின் வழியாக எல்லா நாடுகளுக்கும் கட்டளையிட்டது. இந்தியாவும் 2005-இல் இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றியது.

இன்னும் அடைபடாதவை

இத்தனை செய்தும் வேலை முடிந்துவிடவில்லை. மருத்துவமனையில் கைகளைத் துடைக்க உதவும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சாரின் என்னும் நரம்பு நச்சுக்கும் மூலப்பொருளாகும். உரிமம் பெறாமல் இதைச் சிரியாவுக்கு அனுப்பியதற்காகப் பெல்ஜிய நிறுவனங்கள் சில 2019-இல் ஆன்ட்வெர்ப் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டன. குளோரினோ குடிநீரைச் சுத்தம் செய்யும் பொருள். அதுவே சிரியப் போரில் ஆயுதமாக வீசப்பட்டது. குளோரின் விற்பனையையே நிறுத்தினால் நோயும் தாகமும் யாரை வாட்டும்? ஏழைகளைத்தான். 1990-இல் ஈராக்கின்மீது விதிக்கப்பட்ட முழு வணிகத் தடையில் ஆட்சியாளரைவிட எளிய மக்களே மிகுதியாக இன்னலுற்றார்கள் என்பதையும் மறத்தலாகாது. ஆதலால் கதவை ஒரேயடியாகச் சாத்துவது விடையாகாது. கதவருகே விழிப்புள்ள ஒருவர் நிற்க வேண்டும்.

நாம் பெறும் பாடம்

திருத்தந்தை 23-ஆம் அருளப்பர் 1963-இல் உலக அமைதி குறித்து எழுதிய சுற்றுமடலில், படைக்கலன்களைக் குறைக்க வேண்டும் என்று கேட்டதோடு நிற்கவில்லை. அதை நாடுகள் ஒன்றையொன்று கண்காணிக்கும் பயனுள்ள முறையும் வேண்டும் என்றார். நல்லெண்ணத்துக்குக் கண்காணிப்பும் துணையாக வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

"நான் விற்றேன், வாங்கியவன் என்ன செய்தானோ!" என்று சொல்வது பிலாத்து கை கழுவியதற்கு ஒப்பாகும். திருப்பலியின் தொடக்கத்தில் நாம் செய்யும் பாவ அறிக்கையில், செய்த தீமையை மட்டுமன்றிக் கடமையில் தவறியதையும் சேர்த்தே அறிக்கையிடுகிறோம். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விடுவதும் அத்தகைய தவறே.

மாணவியரே, நாளை உங்களுள் ஒருத்தி ஆய்வுக்கூடத்தில் வேதியியல் அறிஞராக இருப்பாள். ஒருத்தி சுங்க அலுவலகத்தில் தாள்களைச் சரிபார்ப்பாள். ஒருத்தி வங்கியிலோ கப்பல் நிறுவனத்திலோ கணக்கெழுதுவாள். ஆயிரம் டன் சரக்கும் இத்தகைய மேசைகளைக் கடந்தே சென்றது. "இவ்வளவு சாயக் கரைப்பானுக்கு அங்கே எத்தனை ஆலைகள் உள்ளன?" என்று ஒருவர் கேட்டிருந்தால், அந்தச் சரக்கு அங்கேயே நின்றிருக்கக்கூடும். சட்டத்தின் ஓட்டைகளை அரசுகள் அடைக்கட்டும். கையெழுத்திடுமுன் கேட்க வேண்டிய கேள்வியை நாம் இப்போதே கேட்கப் பழகுவோம்.