‘ஜெயில் வேண்டாம், அடிக்காமல் இருந்தால் போதும்’

கேள்வி: வக்கீலம்மா, என் தங்கைக்கு 34 வயது. திருப்பூர் பக்கம் கட்டிக் கொடுத்து 12 வருஷம் ஆகிறது. இரண்டு பெண் குழந்தைகள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். சம்பளம் பேங்கில் ஏறுகிறது; ஏ.டி.எம். கார்டு மாப்பிள்ளை கையில். குடித்தால் அடி, குடிக்காத அன்றைக்குப் பேச்சு. போன ஆடியில் மணிக்கட்டு எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டார்கள். பெரியாஸ்பத்திரியில் ‘வழுக்கி விழுந்துவிட்டேன்’ என்று சொல்லியிருக்கிறாள். விஷயம் தெரிந்ததும் நானே போய் அவளை அழைத்துக்கொண்டு மகளிர் ஸ்டேஷனில் மனு கொடுத்தேன். இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேசி, ‘இனி அடிக்க மாட்டேன்’ என்று மாப்பிள்ளையிடம் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். ஒரு மாதம் சும்மா இருந்தார். மறுபடி ஆரம்பித்துவிட்டார். இப்போது மாமியார், “வீடு என் பேரில் இருக்கு. ஸ்டேஷன் படி ஏறினவளுக்கு இங்கே இடமில்லை, பெட்டியைக் கட்டு” என்கிறார். தங்கையோ, “அவரை ஜெயில்ல போட வேண்டாம்க்கா, அடிக்காம இருந்தா போதும். பிள்ளைங்க அதே பள்ளிக்கூடத்துல படிக்கட்டும்” என்கிறாள். ஜெயில் இல்லாமல் சட்டத்தில் வழி உண்டா? வீடு மாமியார் பேரில் இருக்கும்போது இவளுக்கு என்ன உரிமை?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: உண்டு. உங்கள் தங்கை சொன்ன அதே வார்த்தையை என்னிடம் வருகிற பெண்கள் பலரும் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு, கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டதுபோல் முந்தானையைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். புருஷனை உள்ளே தள்ளினால் சோறு யார் போடுவது, அவன் வெளியே வந்த பிறகு எங்கே இருப்பது என்றெல்லாம் யோசித்துவிட்டுத்தான் அப்படிக் கேட்கிறார்கள். அதற்கு ஏற்றாற்போல ஒரு சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் அமலில் இருக்கிறது: குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. ‘டொமஸ்டிக் வயலன்ஸ்’ என்பதைச் சுருக்கி, கோர்ட்டில் நாங்கள் ‘டி.வி. கேஸ்’ என்போம். புதிதாக வருகிறவர்கள், டி.வி.க்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று முழிப்பார்கள்.

நீங்கள் தட்டியது ஸ்டேஷன் கதவை. அங்கே பதிவாகக்கூடிய வழக்கு, பழைய 498ஏ; 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-வது பிரிவு. கணவனோ அவன் சொந்தக்காரர்களோ செய்யும் கொடுமைக்கு மூன்று வருஷம் வரை சிறை. அந்த வழக்கு தண்டனைக்காக மட்டும்தான். தங்க இடம், மாதச் செலவு, பிள்ளைகள் பற்றி அது ஒன்றும் தராது. டி.வி. சட்டத்தின் மனு மாஜிஸ்திரேட்டிடம் போகிறது. அதில் எஃப்.ஐ.ஆர். கிடையாது, எடுத்த எடுப்பில் கைதும் கிடையாது. ‘அடிக்காதே, கம்பெனி வாசலில் வந்து நிற்காதே, வீட்டைவிட்டுத் துரத்தாதே, செலவுக்குப் பணம் கொடு’ என்று கோர்ட் உத்தரவு போடும். வேண்டுமானால் இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் போகலாம். வேண்டாமென்றால் இது ஒன்றே போதும்.

இதை ஸ்டேஷனிலேயே சொல்லியிருக்க வேண்டும். குடும்ப வன்முறைப் புகார் வந்தால், இப்படியொரு மனுப் போடலாம், பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், இலவச வக்கீல் கிடைப்பார் என்று அந்தப் பெண்ணிடம் சொல்வது போலீஸின் கடமை என்று இந்தச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவே சொல்கிறது. நடைமுறையில் சொல்வது அபூர்வம்.

மகளிர் ஸ்டேஷன்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் ஸ்டேஷன் திறந்தபோது, போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதிப்பதே குடும்ப மானக்கேடு என்று நினைத்த பெண்களுக்குப் படியேறத் தைரியம் வந்தது. ஆனால் நாளடைவில் அந்த ஸ்டேஷன் மேசை ஊர்ப் பஞ்சாயத்துத் திண்ணை மாதிரி ஆகிவிட்டது. அடித்தவனையும் அடிபட்டவளையும் சரிசமமாக எதிரெதிரே உட்காரவைத்து, “ரெண்டு பேரும் அனுசரிச்சுப் போங்க” என்று முடித்து அனுப்புகிறார்கள். எலும்பு முறிந்த கையோடு அவள் எதை அனுசரிப்பது?

சரி, வீட்டு விஷயத்துக்கு வருவோம்.

பத்திரம் யார் பேரில் என்பது இந்தச் சட்டத்தில் முதல் கேள்வியே அல்ல. திருமண உறவில் அவள் எந்த வீட்டில் குடும்பமாக வாழ்ந்தாளோ அது ‘பகிர்ந்து வாழும் இல்லம்’. அதில் தங்கியிருக்க அவளுக்கு உரிமை உண்டு. சட்டப்படியான உத்தரவு இல்லாமல் யாரும் வெளியேற்ற முடியாது. ஆனால் உங்கள் சம்பந்தியம்மா சொல்வது வெறும் மிரட்டல் என்றும் தள்ள முடியாது. 2006-ன் கடைசியில் உச்ச நீதிமன்றம் ஒரு டெல்லி வழக்கில், மாமனார் மாமியாருக்குத் தனிப்பட்ட முறையில் சொந்தமான வீட்டில் மருமகள் உரிமை கோர முடியாது என்று சொல்லிவிட்டது. பதினான்கு வருஷம் அந்தத் தீர்ப்பைக் காட்டித்தான் எதிர்த்தரப்பு வக்கீல்கள் எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். மகனுக்குச் சேர வேண்டிய வீட்டை அவசரமாக அம்மா பேருக்கு எழுதிவைத்த குடும்பங்களையும் நான் பார்த்திருக்கிறேன். 2020 அக்டோபர் 15-ல் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தப் பழைய தீர்ப்பு தவறு என்று அறிவித்தது. அந்த வழக்கிலும் வீடு மாமனார் பேரில்தான் இருந்தது.

இன்னொரு வழியிலும் வரப்பார்ப்பார்கள். மாமியாருக்கு 60 வயது தாண்டியிருந்தால், 2007-ம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தில் ஆர்.டி.ஓ.விடம் மனுக் கொடுத்து மருமகளை வெளியேற்றலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். முதியவர்களைப் பிள்ளைகளின் கொடுமையிலிருந்து காக்க வந்த நல்ல சட்டம் அது. ஒரு பலவீனரைக் காக்க வந்ததை இன்னொரு பலவீனரைத் துரத்தும் கம்பாகப் பிடிக்கக்கூடாது என்ற கருத்தில், பெங்களூரு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் தீர்ப்பளித்தது. டி.வி. சட்டம் தரும் குடியிருப்பு உரிமையை மூத்த குடிமக்கள் சட்டத்தைக் காட்டி ரத்து செய்ய முடியாது. ஆனால் ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து சம்மன் வந்தால் போகாமல் இருந்துவிடக்கூடாது. போய் இதைச் சொல்ல வேண்டும்.

உரிமை என்றதும் பங்கு கேட்கிறோம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இது தங்கும் உரிமை மட்டும். பத்திரத்தில் ஒரு எழுத்து மாறாது. கணவனை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லிக்கூட மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம், மாமியாரை அப்படிச் சொல்ல முடியாது. எந்தப் பெண்ணையும் வெளியேறச் சொல்லக்கூடாது என்று சட்டமே தடுக்கிறது. ஆகவே தங்கை அங்கேயே இருப்பதென்றால் மாமியாரோடுதான் இருந்தாக வேண்டும். அந்த அம்மா வயதானவர், அவருக்கும் நிம்மதி வேண்டும் என்பதையும் கோர்ட் பார்க்கும். அது முடியாது என்று பட்டால், அதே வசதியில் வேறு வீடு பார்த்து வாடகையைக் கணவன் கட்டட்டும் என்று கேட்கலாம். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு வாடகை வீடு என்பதுதான் எனக்கு நல்லதாகப் படுகிறது. முடிவு தங்கையுடையது, உங்களுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை.

ஏ.டி.எம். கார்டை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதை மனுவின் முதல் பக்கத்தில் போடுவேன். அடி, பாலியல் கொடுமை, வசவு, இவற்றோடு பொருளாதாரக் கொடுமையையும் சட்டம் வன்முறை என்றே சொல்கிறது. அவள் உழைத்த சம்பளத்தை அவளுக்குக் கிடைக்கவிடாமல் செய்வது அதில் வரும். கோர்ட்டுக்குக் காத்திருக்கவும் வேண்டாம்: பேங்குக்குப் போய்ப் பழைய கார்டை முடக்கி, குறுஞ்செய்தி வரும் செல் நம்பரைத் தன் நம்பராக மாற்றட்டும். அதைச் செய்கிற நாளில் வீட்டில் ரகளை நடக்கும் என்பதால், எங்கே தங்குவது என்று முடிவு செய்துவிட்டுப் பிறகு செய்யட்டும். நகை, சீர்ப் பாத்திரம் எல்லாம் அவளுடைய சீதனம். அவற்றைத் திருப்பித் தரச் சொல்லியும் இதே மனுவில் கேட்கலாம்.

சாட்சிக்கு என்ன செய்வது? பெரியாஸ்பத்திரியில் காயத்தோடு போனால் ஏ.ஆர். என்னும் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். போன வருஷம் ஒரு பெண்ணின் ஏ.ஆர். நகல் என் மேசைக்கு வந்தது. டாக்டரின் கிறுக்கல் கையெழுத்தில் ‘வீட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொல்கிறார்’ என்று ஒரு வரி. அதற்குக் கீழே, வலது மணிக்கட்டு முறிவு, இடது மேற்கையில் நான்கு கன்றிய தடங்கள். வழுக்கி விழுந்தவளின் மேற்கையில் நான்கு விரல் தடம் எப்படி வரும் என்று மாஜிஸ்திரேட்டே கேட்டார். கணவன் கூடவே நிற்கும்போது அவள் வேறு என்ன சொல்லியிருப்பாள்? தங்கையின் ஏ.ஆர். நகலை வாங்குங்கள், எழுதியிருப்பது எதுவானாலும் சரி. இனி ஒருமுறை போக நேர்ந்தால், டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டு நடந்ததைச் சொல்லட்டும்.

ஸ்டேஷனில் மாப்பிள்ளை எழுதிக்கொடுத்த கடிதம் வீண் என்று நினைத்திருப்பீர்கள். அதைவைத்து அவரைத் தண்டிக்க முடியாது என்பது உண்மை. ஆனால் இது நேற்று முளைத்த கதையல்ல, போலீஸ் வரை போன விஷயம் என்று காட்ட அது உதவும். மனு ரசீதான சி.எஸ்.ஆர். நம்பரைத் தேடி எடுங்கள். ஆடியில் நடந்ததை இப்போது சொல்லலாமா என்ற கவலையும் வேண்டாம். ஒரு வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும் என்ற வாதம் இந்தச் சட்டத்துக்குப் பொருந்தாது என்று, தமிழகத்திலிருந்து போன வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் 2022-ல் சொல்லியிருக்கிறது.

போக வேண்டிய இடம் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் உள்ள மாவட்ட சமூக நல அலுவலகம். அங்கே பாதுகாப்பு அலுவலர் இருப்பார். நடந்ததைக் கேட்டு, அதற்கான படிவத்தில் நிகழ்வு அறிக்கை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவது அவர் வேலை. கட்டணம் இல்லை. அவர் வழியாகப் போகாமல் நேரடியாகவும் மனுப் போடலாம். கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு இருக்கிறது. வருமானம் எவ்வளவு என்று கேட்காமல் பெண்களுக்கு இலவசமாக வக்கீல் தருவார்கள். தங்கை உங்கள் வீட்டில் வந்து தங்கினால் திண்டுக்கல்லிலேயே மனுப் போடலாம். தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடமும் போதும்.

மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டத்தில் உள்ள கணக்கு. வாய்தா வாங்கி வாங்கி இரண்டு வருஷம் ஓடிய டி.வி. கேஸ் என்னிடமே இருக்கிறது. அதனால் மெயின் மனுவோடு இடைக்கால உத்தரவும் கேட்டுப் பிரமாணப் பத்திரம் போடுங்கள். அவசரம் என்று நீதிபதிக்குப் பட்டால் எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே போடலாம். அந்த உத்தரவை மாப்பிள்ளை மீறினால்தான் ஜெயில் என்ற பேச்சு வரும்: ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அப்போது போலீஸ் சமாதானம் பேச முடியாது.

அரசின் மேல் எனக்குள்ள குறையையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு நல்ல சட்டத்தின் அச்சாணி பாதுகாப்பு அலுவலர். நான் பார்த்த ஒருவர், ஒரு மாவட்டம் முழுவதையும் பஸ்ஸில் சுற்றிக்கொண்டு, சம்மன் கொடுக்கவும் தானே போய்க்கொண்டிருந்தார். மாவட்டம், தாலுகா அளவில் இந்த அலுவலர்களை நியமியுங்கள் என்று மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் உத்தரவு போட வேண்டியிருந்தது, சட்டம் வந்து ஏறக்குறைய இருபது வருஷம் கழித்து. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், கணவனிடம் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்ன பெண்கள் நாடு முழுக்க 29 சதவீதம், தமிழ்நாட்டில் 38. படிப்பிலும் வேலையிலும் முன்னே நிற்கிற மாநிலத்தின் கணக்கு இது.

இதற்கெல்லாம் முன்னால், இன்றைக்கு ராத்திரி அடி விழுந்தால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 181-க்கு எந்த நேரத்திலும் பேசலாம். மாவட்டத்தில் ‘சகி’ என்ற ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது; பிள்ளைகளோடு ஐந்து நாள் வரை தங்கலாம், டாக்டர், வக்கீல், போலீஸ் உதவி அங்கிருந்தே கிடைக்கும். உயிருக்குப் பயந்து வெளியே வந்தால் அந்த வீட்டில் உரிமை போய்விடும் என்று மாமியார் சொன்னால் நம்ப வேண்டாம், போகாது. ஆதார், பேங்க் பாஸ் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, எல்லாவற்றிலும் ஒரு நகல் உங்கள் வீட்டில் இருக்கட்டும்.

கலெக்டர் ஆபீஸுக்குத் திங்கட்கிழமை போகாதீர்கள். அன்றைக்குக் குறைதீர்க்கும் நாள். கூட்டத்தில் யாரும் உட்கார்ந்து கேட்க மாட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலையில், ஏ.ஆர். நகலோடும் சி.எஸ்.ஆர். நம்பரோடும் போங்கள். அலுவலரிடம் நடந்ததைத் தங்கையே சொல்லட்டும்; நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.