எக்கோ நல்லாயிருந்தால் போதுமா?

அன்பின் மருமகளுக்கு,

பக்கத்து வீட்டு ராத்தாவுக்கு நுரையீரலில் சார்கொய்டோசிஸ். எக்கோ நல்லாயிருக்கு, பிறகேன் டொக்டர் இதயத்துக்கு எம்.ஆர்.ஐ. கேட்கிறார் என்று எழுதியிருந்தாய். உயிரியல் படிக்கிற நீ கேட்க வேண்டிய கேள்விதான்.

இந்த நோயில் நோயெதிர்ப்புக் கலங்கள் சின்னச் சின்ன உருண்டைகளாகத் திரளும். இதயக் கோளாறு வெளியே தெரிவது நூற்றுக்கு 5 பேரளவில்தான். பிரேத பரிசோதனைகளிலோ சுமார் 25 பேரின் இதயத்தில் அந்த உருண்டைகள் இருந்திருக்கின்றன. எக்கோ பார்ப்பது இதயம் எப்படிச் சுருங்குகிறது என்பதை. நடுச்சுவரில் இரண்டு திட்டு இருந்தாலும் இதயம் நன்றாகவே சுருங்கும். ஆனால் இதயத்தின் மின்பாதை அந்தச் சுவர் வழியாகத்தான் போகிறது! அதனால் முதல் அறிகுறியே மயக்கமாகவோ ஆபத்தான துடிப்பாகவோ வந்துவிடலாம். 2014-இல் இதயத்துடிப்பு மருத்துவர்களின் சங்கமான ஹார்ட் ரிதம் சொசைட்டி சொன்ன வழி இது: படபடப்பு, மயக்கம் உண்டா என்று கேள், ஈ.சீ.ஜி., எக்கோ எடு. ஒன்றில் பிசகிருந்தாலும் எம்.ஆர்.ஐ.யோ பெட் ஸ்கேனோ செய்.

எம்.ஆர்.ஐ.யில் கடோலினியம் ஊசி போட்டுச் சில நிமிடம் பொறுத்துப் படமெடுப்பார்கள். நல்ல தசையிலிருந்து மருந்து வடிந்துவிடும், தழும்பில் தங்கி வெள்ளையாகத் தெரியும். சிறுநீரகம் மோசமாகப் பழுதானவர்களுக்கு அந்த ஊசியை யோசித்தே போடுவார்கள். உங்கள் மாளிகாவத்தைச் சிறுநீரக ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறவர்கள் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

தழும்பா, இன்னும் எரிகிற அழற்சியா என்று பிரித்துக் காட்டுவது பெட். 2016-இல் கதீஜா பவுண்டேஷன் முன்னின்று மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்காகக் காசு சேர்த்ததே, அதே வகைக் கருவி. கதிரியக்கச் சீனியை ஏற்றி, அதை யார் தின்கிறார்கள் என்று பார்ப்பது. சிக்கல் என்னவென்றால், ஆரோக்கியமான இதயமும் சீனி தின்னும். இதயத்தைக் கொழுப்புக்குத் திருப்பிவிட்டால்தான் அழற்சிக் கலங்கள் மட்டும் ஒளிரும். ஆக, பாதி வேலை குசினியில் நடக்கிறது. முதல் நாள் இரண்டு வேளையாவது முட்டை, பொரித்த கோழி, மீன், மாட்டிறைச்சி மட்டும். சோறு, பாண், இடியப்பம், பருப்பு, பழம் எதுவும் ஆகாது. தேத்தண்ணியில் ஒரு கரண்டி சீனி போதும், படம் கெட்டுவிடும். பிறகு பட்டினி. சில இடங்களில் 18 மணி நேரத்துக்கும் மேல் பட்டினி கிடக்கச் சொல்வார்கள். நம் நோன்பை விட நீளம், ஆனால் தண்ணீர் குடிக்கலாம். நீரிழிவுக்காரர்கள் மருந்து பற்றி டொக்டரிடம் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

ஒளிர்ந்தாலும் அது சார்கொய்டோசிஸ்தான் என்று முடிவு கட்ட முடியாது. நம் நாடுகளில் காசநோயும் இதே வேஷம் போடும். ஹைதராபாத் கேர் ஆஸ்பத்திரியில், இதயம் நன்றாகச் சுருங்கியும் ஆபத்தான துடிப்போடு வந்தவர்களை ஸ்கேன் செய்து, மார்பு நிணநீர் முடிச்சிலிருந்து திசுத்துண்டெடுத்துப் பார்த்தபோது சிலருக்குக் காசநோய், சிலருக்குச் சார்கொய்டோசிஸ். 2011-இல் அதை வெளியிட்டார்கள். காசநோயென்று தெரியாமல் நோயெதிர்ப்பை அடக்கும் பிரெட்னிசோலோன் மட்டும் கொடுத்தால் கிருமிக்குத்தான் கொண்டாட்டம். ஆகவே முடிந்தால் துண்டெடுத்துப் பார்க்காமல் மருந்து தொடங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

ராத்தா அடுத்த கிளினிக்குப் போகும்போது பழைய ஈ.சீ.ஜி. தாள்கள் அத்தனையையும் எடுத்துப்போகச் சொல்லு. புதியதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மின்னோட்டம் மெதுவாகத் தாமதப்பட்டு வருவது அதிலேயே பிடிபடக்கூடும்.

அன்புடன்,
மாமா