கழக்கூட்டத்தில் வீடு பார்க்கிறீர்களா?

திருவனந்தபுரத்தின் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் என்ற ஐ.டி. வளாகம் 1990ல் தொடங்கப்பட்டது. இன்று நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் வேலைக்காக அங்கே தங்குகிறார்கள். அட்வான்ஸ் எவ்வளவு, தண்ணீர் வருமா என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்கிற நாம், நம் விவரங்கள் யார் கைக்குப் போகின்றன என்று கேட்பதில்லை. எங்கோ இருக்கும் ஹேக்கருக்குப் பயப்படுகிறோம். ஆனால் பல நேரம் நாமே கொடுத்த விவரம்தான் வெளியே போகிறது.

1. வீட்டுக்காரரோ ஹாஸ்டல்காரரோ ஆதார் நகல் கேட்டால், மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். முதல் 8 இலக்கங்கள் மறைந்து கடைசி 4 மட்டும் தெரியும். நகலின் மேல் குறுக்காக, 'வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்' என்று தேதியுடன் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

2. போட்டோஸ்டாட் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு முழு ஆதார் கோப்பை அனுப்பாதீர்கள். கடவுச்சொல் இருக்கிறதே என்பீர்கள். அது உங்கள் பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்தும் பிறந்த ஆண்டும்தான். ஊருக்கே தெரிந்த பூட்டு! அனுப்பியதை நீங்கள் பிறகு அழித்தாலும், கடைக் கம்ப்யூட்டரில் சேமித்த பிரதி அங்கேயே கிடக்கும். பென் டிரைவில் கொண்டுபோனாலும், பிரிண்ட் எடுத்ததும் டவுன்லோட்ஸ், ரீசைக்கிள் பின் இரண்டிலும் உங்கள் கண் முன்னாலேயே அழிக்கச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

3. ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டிவையுங்கள். சிம் வாங்க, ரேஷன் வாங்கத் தேவைப்படும்போது தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம்.

4. பழைய குடித்தனக்காரர் விட்டுப்போன வைஃபை இணைப்பா? கடவுச்சொல் அவருக்கும் தெரியும், அவரைப் பார்க்க வந்த நண்பர்களுக்கும் தெரியும். முதல் நாளே மாற்றுங்கள். ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் அட்மின் கடவுச்சொல்லையும் சேர்த்து மாற்ற வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். குண்டூசியால் ரீசெட் பொத்தானை அமுக்கிவிடாதீர்கள், இணைப்பு விவரமும் அழிந்து நெட் நின்றுபோகலாம். கேபிள்காரரை வைத்தே செய்யுங்கள். வைஃபைக்குப் பெயர் வைக்கும்போது உங்கள் பெயரோ ஃபிளாட் எண்ணோ வேண்டாம்.

5. டி.வி., கேமரா, விருந்தாளிகளின் போன் எல்லாவற்றுக்கும் 'கெஸ்ட்' வைஃபை போதும்.

6. கேமரா வாசலைப் பார்த்தால் போதும், படுக்கையறையில் வேண்டவே வேண்டாம். 2025ல் ராஜ்கோட்டின் ஒரு மகப்பேறு மருத்துவமனைக் கேமராக்களிலிருந்து பெண்களின் வீடியோக்கள் கசிந்து விலைக்கு விற்கப்பட்டன. கேமராவோடு வரும் கடவுச்சொல்லை மாற்றாமல் விடுவது இப்படிப்பட்ட திருட்டுக்குத் திறந்த கதவு.

7. வாடகைக் காரில் புளூடூத்தை இணைத்திருந்தால், திருப்பிக் கொடுக்கும் முன் கார்த் திரையில் உங்கள் போனின் பெயரை நீக்குங்கள். தொடர்பு எண்கள் அதில் தங்கியிருக்கும்.

8. பில் போடும்போது போன் நம்பர் கட்டாயமில்லை. வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறையே 2023ல் கடைகளுக்குச் சொல்லியிருக்கிறது.

9. 'எதற்கு இந்த விவரம்?' என்று அரசிடமும் கேட்கலாம். 2020 ஏப்ரலில், கொரோனா விவரங்களைக் கேரள அரசு ஸ்பிரிங்க்ளர் என்ற அமெரிக்க நிறுவனத்திடம் ஒப்படைத்தது வழக்கானது. பெயர், அடையாளம் நீக்கிய பிறகே கொடுக்க வேண்டும், மக்களின் சம்மதமும் வேண்டும் என்றது கேரள உயர் நீதிமன்றம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017லேயே தீர்ப்பளித்துவிட்டார்கள். அரசே கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்றால், ஹாஸ்டல் வார்டன் எம்மாத்திரம்?

10. உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பாருங்கள். உங்களுடையது அல்லாததை அங்கேயே புகார் செய்யலாம். ஆன்லைன் மோசடியில் பணமே போய்விட்டால் வங்கிக் கிளை திறக்கும்வரை காத்திருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். பணம் கைமாறுவதற்குள் சொன்னால்தான் நிறுத்திவைக்க முடியும்.